அண்ணன் வீட்டில் இருந்தால் வாடகைச் செலவே இல்லையா?

"நான் இன்னும் டைவர்ஸ் பண்றதான்னே முடிவு பண்ணலை மேடம். அதுக்குள்ள எப்படிப் பணம் கேக்கிறது?"

குன்னூரில் வக்கீல் தொழில் செய்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் போன வாரம் இதைக் கேட்டவர் கணவர் வீட்டை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கோத்தகிரிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கிறார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பெண் எட்டாவது, பையன் நாலாவது. கூலிக்குக் கொழுந்து பறித்துத்தான் இரண்டு பேரையும் படிக்க வைக்கிறார். கணவருக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு, சீசனில் டாக்ஸியும் ஓட்டுகிறார். மூன்று வருடத்தில் அவர் கொடுத்தது தீபாவளித் துணி மட்டும். ஏன் கேட்கவில்லை என்றால், "டைவர்ஸ் ஆனாத்தான் ஜீவனாம்சம்னு எல்லாரும் சொன்னாங்க" என்கிறார்.

அந்த 'எல்லாரும்' யார் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.

ஜீவனாம்சம் கேட்க டைவர்ஸ் ஆகியிருக்க வேண்டாம். டைவர்ஸ் கேஸ் போட்டிருக்க வேண்டாம். டைவர்ஸ் வேண்டும் என்ற எண்ணம்கூட வேண்டாம். வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காமல் விட்டால் மாதாமாதம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான் சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 125 என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு. எண் மாறியது, விஷயம் மாறவில்லை. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் யாரும் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'அதிகபட்சம் ஐந்நூறு ரூபாய்தான் தருவாங்க' என்று இன்னமும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அந்த உச்சவரம்பை எடுத்தது 2001-ல். அந்த வருடம் பிறந்த பிள்ளைக்கே இப்போது கல்யாண வயசு.

'நான் வேலைக்குப் போறேனே, எனக்குக் கிடைக்குமா?' கிடைக்கும். பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கணவரோடு இருந்தபோது இருந்த வாழ்க்கைத் தரம், அவர் வருமானம், உங்கள் வருமானம், பிள்ளைகள் செலவு எல்லாவற்றையும் வைத்துத்தான் தொகை. கொழுந்துக் கூலி அதில் கணக்கில் வரும், கதவை அடைக்காது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறதே என்று எதிர்த்தரப்பில் ஒரு முறை வாதம் வந்தது. அது அரசாங்கம் கொடுப்பது, கணவர் கொடுப்பதல்ல.

அவசரம் ஏன் என்றால், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து. கேஸ் இரண்டு வருடம் இழுத்தாலும் தொகை அந்தத் தேதியிலிருந்து கணக்காகும். திருப்பிப் பார்த்தால், மனு போடாத மாதங்களுக்கு இந்த மனுவில் ஒன்றும் இல்லை. ஆட்டோ மீட்டர் மாதிரிதான், போட்ட பிறகுதான் ஓடும். கோத்தகிரி அக்காவுக்கு இந்த வழியில் அந்த மூன்று வருடம் போனது போனதுதான். இதை அவரிடம் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அடுத்தது வீடு. மாதச் செலவை எழுதிக்கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வருவார்கள். இவரும் அப்படித்தான். ரேஷன் போக மளிகை, பால், ஸ்கூல் வேன், டியூஷன், பையனுக்கு வீசிங், அதற்கு இன்ஹேலர். எல்லாம் சரியாக இருந்தது. வாடகைக்கு நேரே ஒரு கோடு.

"ஏன் கோடு?"

"அண்ணன் வீடு மேடம். வாடகை வாங்க மாட்டார்."

வாங்க மாட்டார்தான். ஆனால் இரண்டு அறை வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், இவர்கள் மூன்று பேர். எட்டாவது படிக்கிற பெண் அடுப்படியில் பாய் போட்டுப் படுக்கிறாள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பாத்திரம் வைக்கிற சத்தம் மாறிவிட்டது என்கிறார். அந்தக் கோடு அப்படியே பிரமாண வாக்குமூலத்தில் போயிருந்தால், வாடகைச் செலவு இல்லாத பெண் என்றுதான் கோர்ட் தொகை போடும். அப்புறம் தனி வீடு பார்க்க வேண்டிய நாளில், தொகையைக் கூட்டித் தாருங்கள் என்று இன்னொரு மனு, இன்னொரு அலைச்சல்.

பிறந்த வீட்டில் தங்கியிருப்பது அண்ணனுடைய நல்ல மனசு. அது உங்கள் கணவருக்குக் கிடைத்த தள்ளுபடி இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 19-வது பிரிவில் நேராகவே எழுதியிருக்கிறது: இருந்த வீட்டுக்கு நிகரான மாற்று வீடு பார்த்துக் கொடு, அல்லது அதற்கு வாடகை கொடு என்று கணவருக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். 'என்னை அவர் அடிக்கவில்லையே' என்று தயங்குவார்கள். அதே சட்டத்தில் பொருளாதார ரீதியான கொடுமையும் குடும்ப வன்முறைதான். வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் நிறுத்துவதும், குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை கட்டாமல் விடுவதும் அந்த விளக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே வாடகை எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாருங்கள். பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அறை, சமையலறை, தண்ணீர் வருகிற வீடு என்ன வாடகை, என்ன அட்வான்ஸ் என்று இரண்டு மூன்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். ஏப்ரல், மே சீசனில் இங்கே பாதி வீடு காட்டேஜ் ஆகிவிடும், வாடகைக்கு இருப்பவரைக் கிளப்பப் பார்ப்பார்கள், அதையும் சொல்லுங்கள். மலைச் செலவு கோயம்புத்தூர்ச் செலவு இல்லை. தண்ணீர் காய வைத்தே கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீரும், பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஸ்வெட்டர், ஷூ. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நீங்களே வெட்டிவிடாதீர்கள். வெட்டுவதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கிறார், அது அவர் வேலை.

இன்னும் கணவர் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு வேறு பயம். 'வீடு மாமியார் பேரில் இருக்கு, எனக்கு உரிமையே இல்லையாம்.' சொத்தில் உரிமை இல்லை, சரி. குடியிருக்க உரிமை உண்டு. கல்யாணமாகிக் குடும்பம் நடத்திய வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது மருமகள் குடியிருக்க உரிமையுள்ள 'பகிர்ந்து வாழ்ந்த வீடாக' இருக்கலாம் என்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, அதற்கு முன்பிருந்த தீர்ப்பை மாற்றியது. பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் உரிமை போய்விடாது. மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மாமியார் மனு கொடுத்தால் உடனே காலி செய்ய வேண்டும் என்றும் இல்லை. அந்தச் சட்டத்தை வைத்து மருமகளின் குடியிருப்பு உரிமையை அப்படியே அழித்துவிட முடியாது என்று அதே வருட டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. மனுவுக்குப் பதில் சொல்லப் போங்கள், நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். ஆனால் உயிருக்குப் பயமிருக்கும் வீட்டில் உரிமைக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். கிளம்புங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். வாடகையாக வாங்கிக்கொள்ளலாம்.

எஸ்டேட் லயன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீ ஆகட்டும், தனியார் எஸ்டேட் ஆகட்டும், வீடு வேலைக்கு ஒட்டிக்கொண்டது. கணவர் பெயரில் ஒதுக்கிய வீட்டிலிருந்து உங்களை வெளியே தள்ளக்கூடாது என்று கணவருக்கு உத்தரவு வாங்கலாம். அவர் வேலையை விட்டாலோ ரிட்டயர் ஆனாலோ நிர்வாகம் வீட்டைக் கேட்கும், அப்போது அந்த உத்தரவு உதவாது. அதனால் இவர்களுக்கு வீட்டைவிட வாடகைத் தொகை கேட்பதே பத்திரம். நீங்களும் அதே தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி என்றால் உங்கள் பெயரில் தனி வீடு ஒதுக்கச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இந்த மலையில் அதிகம் கேட்கிற வசனம், "எனக்கு வருமானமே இல்லைங்க, தேயிலைக்கு விலை இல்லை." விலை இல்லைதான், எல்லாருக்கும் தெரியும். வருமானமே இல்லை என்பது வேறு. இலை கொடுக்கிற ஃபேக்டரி எது, இண்ட்கோ கூட்டுறவு ஃபேக்டரியா தனியாரா, உறுப்பினர் எண் என்ன, பணம் எந்தப் பாங்க் கணக்குக்கு வருகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 20-வது பிரிவில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. உத்தரவுப்படி கணவர் கொடுக்கவில்லை என்றால், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் மட்டுமல்ல, கணவருக்குப் பணம் தரவேண்டிய யாராக இருந்தாலும் அதில் ஒரு பங்கை நேராக மனைவிக்குக் கொடு என்று மாஜிஸ்திரேட் சொல்லலாம். இலைப் பணம் தரவேண்டிய ஃபேக்டரியும் அதில் வரும் என்பதுதான் என் வாதம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜென்ம நிலம், செக்‌ஷன் 17 என்று உரிமை முடிவாகாத நிலங்கள், பட்டாவே இருக்காது. பட்டா இல்லை என்பதால் சொத்தே இல்லை என்று பிரமாணம் போடுவார்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், இலை போட்ட சீட்டு, மரம் வெட்டி விற்ற கணக்கு எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து வையுங்கள். கணவர் ராணுவத்தில் இருந்தால் யூனிட்டுக்கு மனு எழுதலாம். மனைவி, பிள்ளைகள் செலவுக்குச் சம்பளத்தில் பிடிக்க ராணுவச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கடனும் செலவுதான். குழு லோன் உங்கள் பெயரில் எடுத்து அவர் டாக்ஸிக்கு டயர் போட்டிருப்பார். வாரா வாரம் தவணை கேட்டு வருபவர் உங்கள் வாசலில்தான் நிற்பார். தவணை அட்டையோடு அதை வாக்குமூலத்தில் காட்டுங்கள். நகை அடகில் இருந்தால் ரசீது யார் பெயரில் என்று பாருங்கள். போட்டு வந்த நகையைத் திருப்பிக் கேட்கவும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடம் உண்டு.

இனி கொஞ்சம் திட்டப் போகிறேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத் தாளில் 'இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்க மாட்டோம்' என்று எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறீர்களே, அது ஏன்? அந்தத் தாள் பெரும்பாலும் டைவர்ஸ் ஆகாது. சாதி வழக்கப்படி தீர்த்துக்கொண்டோம் என்றால் அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. ஆனால் உங்கள் ஜீவனாம்சத்தைக் கெடுக்க அந்தத் தாள் போதும். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்கிற மனைவிக்கு 144-ல் ஜீவனாம்சம் கிடையாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. டைவர்ஸும் கிடைக்காமல் பணமும் கிடைக்காமல் நிற்பீர்கள். பெரியவர்கள் பேசட்டும், காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். எழுதுவது மட்டும் வக்கீலிடம் காட்டிய பிறகு. பிள்ளைகளுக்கான பணத்தை நீங்கள் விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது செல்லாது, அது அவர்களுடைய உரிமை. கையெழுத்துப் போட்டு ஏற்கனவே வந்துவிட்டீர்கள் என்றாலும் வாருங்கள், வேறு பிரிவுகள் இருக்கின்றன, பார்க்கலாம்.

கணவர்மார்களுக்கும் இரண்டு வார்த்தை. கொடுப்பதைப் பாங்கில் போடுங்கள். கையில் கொடுத்தேன் என்று பின்னால் சொன்னால் நம்ப யாரும் கடமைப்பட்டவர் இல்லை. ஜீவனாம்சத்துக்குப் பயந்து வேலையை விடுவது புத்திசாலித்தனம் என்று எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பில் தெம்பிருக்கிற ஆள் சம்பாதிக்க முடியும் என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். உண்மையாகவே வருமானம் இல்லாத கணவர், சம்பாதிக்கிற மனைவியிடம் இந்துத் திருமணச் சட்டம் 24-ல் கேட்கவும் வழி இருக்கிறது. உண்மையாகவே இல்லாதவருக்கு.

பணம் இல்லாமல் வக்கீல் வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டுகளில் குழுக்கள் இருக்கின்றன, 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். கேஸ் போட கணவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் இப்போது தங்கியிருக்கிற இடத்தின் கோர்ட்டிலேயே போடலாம். மனு போடும் அன்றே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் தள்ளிப் போகும், அதனால்தான் முதல் நாளே போடச் சொல்கிறேன்.

உத்தரவு வாங்கிய பிறகு தூங்கிவிடாதீர்கள். ஒரு மாதப் பணம் வரவில்லை என்றால் அந்தத் தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் 144-ல் வசூல் மனு போட வேண்டும். 'பாவம், கொடுப்பார்' என்று இரண்டு வருடம் பார்த்துவிட்டு வந்தால் முதல் வருடப் பாக்கிக்கு அந்த வழியில் வாரண்ட் வாங்க முடியாது. மூன்று மாதம் வரவில்லை என்றால் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.