கொள்கை மாற்றம்

'பாலிசி' என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது எல்ஐசி பத்திரம்தான். அந்த பாலிசி வேறு, அரசின் பாலிசி வேறு. காப்பீட்டுச் சொல், பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'போலிட்சா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அரசின் பாலிசிக்கு வேர், நகர அரசைக் குறிக்கும் 'போலிஸ்' என்ற கிரேக்கச் சொல். நம் 'போலீஸ்' பிறந்ததும் அதே வேரில்தான்.

தமிழில் இதைக் கொள்கை என்கிறோம். செய்கை, இருக்கை போல, கொள் என்ற வினையிலிருந்து வந்த பெயர். ஒருவர் மனதில் கொண்டிருப்பது. 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று புறநானூற்றில் பிசிராந்தையார் பாடும்போது அது மனிதரின் ஒழுக்கம். அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. 'கொள்கையை மாற்றிக்கொண்டார்' என்றால் நமக்கு அது வசை. ஆனால் அரசின் பாலிசி பிழைத்தால் மாறியே ஆக வேண்டும். அதனால் மாறாததைக் 'கோட்பாடு' என்றும், மாறக்கூடியதை 'அரசுக் கொள்கை' என்றும் பிரித்து எழுதுவதே நல்லது.

சரி, அதை மாற்ற வைப்பது யார்? இங்கே இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும்: எதேச்சாதிகாரம். யதா, இச்சா, அதிகாரம் என்ற வடசொற்கள் சேர்ந்தது, 'இச்சைப்படி அதிகாரம்'. அதற்கு 'வல்லாட்சி' என்பது நல்ல தமிழ்தான். ஆனால் அதில் வன்மை தெரிகிறது, இச்சை தெரியவில்லை. கொள்கை மாற்றத்தில் யாருடைய இச்சை என்பதுதான் முக்கியம்: ஆள்பவருடையதா, வாக்களிப்பவருடையதா?

சீனாவில் 1980-இல் ஒற்றைக் குழந்தைக் கொள்கை வந்தது. 1990-களிலேயே பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் 2015 அக்டோபரில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு முடிவெடுக்கும் வரை அது நீடித்தது. அதுவரை அபராதம் கட்டிய, கருக்கலைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்ட பெண்களின் கையில் வாக்குச்சீட்டு இல்லை.

இரண்டு விதத்தையும் ஒரே நாட்டில் பார்க்க நம் நெருக்கடி நிலைக் காலத்துக்குப் போக வேண்டும். நாடாளுமன்றத் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த அந்தக் காலத்தில், 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவை நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு, வட மாநிலங்களில் ஊர் ஊராகக் கட்டாயப்படுத்தி. குறை சொல்ல வாயில்லாதபோது, பிழை நடப்பது மேலே இருப்பவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதுமில்லை. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். 1977-78-இல் அறுவை எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது.

அப்புறம் பெயரும் மாறியது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்று இருந்த திட்டம் 'குடும்ப நலம்' ஆனது. சுவர்களில் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் மட்டும் அப்படியே இருந்தது. இன்றும் அரசு மருத்துவமனைப் பலகையில் குடும்ப நலம் என்றுதான் எழுதியிருக்கும். வரிசையில் நிற்கும் பெண்ணைக் கேட்டால் 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்' என்றே சொல்வார்.