முடி போனால் வரும், தோலைப் பாருங்கள்

திங்கட்கிழமை காலையில் அல்சூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு இரண்டரை வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது காது முழுக்க கருப்பாக ஏதோ அப்பியிருந்தது. காப்பித்தூள். "வீட்டுலயே முடி வெட்டிட்டிருந்தேன், ஒரு செகண்டுதான் டாக்டர், சடக்குன்னு தலையத் திருப்பிட்டான்" என்று அம்மா அழுதார். ரத்தம் நிற்கட்டும் என்று பாட்டி தூளை வைத்து அழுத்தியிருக்கிறார். அவர் பதறிப்போய்ச் செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தூளையும் அதில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளையும் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை அலறித் தீர்த்துவிட்டான். உள்ளே இருந்தது அரை சென்டிமீட்டர் வெட்டு, அவ்வளவுதான்.

வீட்டில் முடி வெட்டும்போது பெரும்பாலும் காதின் மேல் விளிம்பில்தான் கத்தரி படுகிறது. அங்கே முடி காதை மூடிக்கொண்டிருப்பதால் கத்தரியின் நுனி வெட்டுகிறவர் கண்ணுக்கே தெரியாது. சத்தம் கூசுவதால் குழந்தையும் அந்தப் பக்கமே திரும்பும். ஆகவே இடது கையால் காது மடலை மடித்து மூடிக்கொண்ட பிறகே அந்தப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோங்கள். நுனி மழுங்கிய கத்தரி போதும். கையில் போனைக் கொடுத்து உட்கார வைப்பதை நான் விரும்புவதில்லை. குனிந்து பார்க்கும், திடீரென்று சிரித்து நிமிரும். யாராவது மடியில் வைத்துக்கொள்வது மேல். அழ ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிற முடி, கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

வெட்டுப் பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. காதில் ரத்த ஓட்டம் அதிகம், சின்ன வெட்டுக்கும் சட்டை நனைந்துவிடும், பயப்பட வேண்டாம். ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். 10 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, காயம் வாயைப் பிளந்திருக்கிறது, உள்ளே வெள்ளையாகக் குருத்தெலும்பு தெரிகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் போடவேண்டிய பூஸ்டர் விட்டுப்போயிருக்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் டெட்டனஸ் ஊசியை முடிவு செய்வோம்.

இன்னொரு விஷயம் என்னை அதிகம் வருத்துவது. மூன்று நான்கு வயதில் பிள்ளைகள் தாங்களே கத்தரி எடுத்து முன்முடியை வெட்டிக்கொள்வது சகஜம். அடிக்காதீர்கள், கத்தரியை உயரத்தில் வையுங்கள். ஆனால் வழுக்கைத் திட்டு எல்லாமே கத்தரி வேலை இல்லை. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை, "வெட்டிக்கிட்டு இல்லைன்னு பொய் சொல்றா" என்று அழைத்து வந்தார்கள். பின்னந்தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். விரலால் தடவினேன். கத்தரி பட்டிருந்தால் அடிமுடி சொரசொரவென்று குத்தும். இங்கே கன்னத்தைப் போல வழவழவென்று இருந்தது. புழுவெட்டு. பெயரில்தான் புழு, உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. சின்னத் திட்டு என்றால் பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். வெங்காயத்தைத் தேய்த்துப் புண்ணாக்காமல் டாக்டரிடம் காட்டினால் போதும்.

திட்டு செதில் செதிலாக உதிர்ந்து, முடி ஒடிந்து கரும்புள்ளியாக நின்றால் அது படை, பூஞ்சையால் வரும் தொற்று. மேலே களிம்பு பூசினால் மட்டும் போகாது, வாரக்கணக்கில் உள்ளுக்கும் மருந்து சாப்பிட வேண்டும். சீப்பு, ட்ரிம்மர், துண்டு எதையும் மற்றவர்களோடு பகிரக்கூடாது.

புழுவெட்டு என்று அந்தச் சிறுமியின் அம்மாவிடம் சொன்னபோது அவர் பேசவில்லை. மகள்தான் அவர் முகத்தைத் திருப்பி, "நான் வெட்டலன்னு சொன்னேன்ல?" என்றாள். முந்தின நாள் வாங்கிய அடியின் தடம் கையில் இன்னும் இருந்தது.