அரும்பா, மொட்டா, மலரா? ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஆங்கிலம்

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த மாதம்தான். டெல்டாவில் பல வீடுகளில் குறுவைக்கு விதைநெல் வாங்குவதும் பிள்ளைக்கு நோட்டு வாங்குவதும் ஒரே மாதச் செலவு. தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்த வருடங்களில், அந்த ஜூன் மாதத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், தமிழ் மீடியத்துல போட்டா புள்ளைக்கு இங்கிலீஷ் வருமா? இல்ல, இங்கிலீஷ் மீடியத்துக்கே மாத்திடலாமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். நடவுக்குப் போகிற வழியில், கையில் தூக்குவாளியோடு நின்று கேட்பார்கள். அவசரத்தில் நானும் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது போதாது. இதில் அரசுத் திட்டம் என்ன தருகிறது, சட்டம் என்ன சொல்கிறது, பயிற்றுமொழியை மாற்றினால் பிற்காலத்தில் என்ன ஆகும் என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் திட்டம். அதன் பெயர் எண்ணும் எழுத்தும். கொரோனாவால் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்தபோது சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் விட்டுப்போயின. அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கினார்கள். அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. தமிழ், கணக்கு ஆகியவற்றோடு ஆங்கிலமும் இதில் ஒரு பாடம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஆங்கிலம் தமிழ்வழிப் பிள்ளைக்கு முதல் வகுப்பிலிருந்தே உண்டு. அதற்குத் தனியாகப் பயிற்சி நூல், ஆசிரியருக்குக் கையேடு, மதிப்பீடு எல்லாம் இருக்கின்றன. எதற்கும் காசு இல்லை.

இந்தத் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை மட்டும் பார்த்து உட்கார வைப்பதில்லை. அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் பார்க்கிறார்கள். எழுத்தும் ஒலியும் இன்னும் கைவராத பிள்ளை அரும்பு. சின்னச் சொற்களைக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மொட்டு. மூன்றாம் வகுப்புக்கு உரிய திறனோடு படிக்கிற பிள்ளை மலர். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தமிழில் மலராகவும் ஆங்கிலத்தில் அரும்பாகவும் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அரும்பு நிலைப் பாடம்தான் தர வேண்டும், மூன்றாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டக் கூடாது. திட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அதனால் பள்ளிக்குப் போனால் "என் புள்ள எத்தனாவது ரேங்க்?" என்று கேட்காதீர்கள். "ஆங்கிலத்தில் எந்த நிலை? போன பருவத்தில் எந்த நிலை?" என்று கேளுங்கள். மதிப்பீட்டு விவரங்களை ஆசிரியர்கள் செயலியில் பதிவு செய்கிறார்கள். உங்கள் பிள்ளையின் விவரத்தை உங்களுக்குச் சொல்வதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கே இடறுகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் இது தெரியாததால்தான் நல்ல பிள்ளைகளை மக்கு என்று நினைத்துவிடுகிறோம்.

தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. 'மா' என்ற எழுத்தையும் 'டு' என்ற எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் மாடு வந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'டபிள்யூ' என்று பெயர் சொல்கிறோம், 'வாட்டர்' என்று படிக்கச் சொல்கிறோம். அந்தப் பெயரில் வகர ஒலியே கிடையாது. 'சி, ஏ, டி' என்று எழுத்துக்கூட்டினால் 'கேட்' எப்படி வரும்? ஆறு வயதுப் பிள்ளை திகைப்பது நியாயம்தானே. அதனால்தான் இந்தத் திட்டத்தில் எழுத்தின் பெயரோடு நிறுத்தாமல் அதன் ஒலியைச் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் வந்து பிள்ளை 'க்... ஏ... ட்' என்று முணுமுணுத்தால், "ஏபிசிடி ஒழுங்காச் சொல்லு" என்று அதட்டாதீர்கள். அது சரியாகத்தான் படிக்கிறது.

அடுத்தது ப. தமிழில் ஒரே பகரம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. கிரிக்கெட் மட்டையும் 'பேட்'தான், முதுகில் தட்டிக்கொடுப்பதும் 'பேட்'தான் என்று பிள்ளை எழுதிவைக்கும். ஆனால் அந்த இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ப ஓர் ஒலி, கடைசியில் வரும் பு வேறு ஒலி. 'குரங்கு' என்பதில் இரண்டு ககரமும் அப்படித்தான். வகுப்பில் நான் 'பாம்பு'வைத்தான் பயன்படுத்துவேன். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்வேன். இரண்டாவது இடத்தில் விரலுக்கு அதிர்வு தெரியும். அந்த அதிர்வு தெரிகிற இடத்துக்கு ஓர் எழுத்து, தெரியாத இடத்துக்கு ஓர் எழுத்து என்று சொன்னால் பிள்ளைக்குப் பளிச்சென்று புரிந்துவிடும். தமிழ் நன்றாகக் காதில் விழுந்த பிள்ளைக்கு இது இன்னும் சுலபம்.

'இஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. அந்த வழக்கத்தில் வளர்ந்த நாக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கேட்கக் கேட்கச் சரியாகிவிடும். வாக்கியமும் அப்படியே. 'நான் சோறு தின்றேன்' என்று வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் அதை நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் பிடிக்கும். முதலில் பாட்டாகவும் கதையாகவும் நிறையக் கேட்க வேண்டும், அப்புறம் பேச வேண்டும், எழுதுவது கடைசியில். இரண்டாம் வகுப்புப் பிள்ளை பத்து ஆங்கிலப் பாட்டு பாடுகிறது, ஒரு வரி எழுதவில்லை என்றால் பயப்பட வேண்டாம்.

மீடியம் மாற்றலாமா?

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13ஆம் ஆண்டிலிருந்து பரவலாக வந்தன. அதற்கும் கட்டணம் கிடையாது. அதில் சேர்த்தால் கணக்கு, சூழ்நிலையியல், அப்புறம் அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும். தமிழ் ஒரு மொழிப்பாடமாகத் தொடரும். தமிழ்வழியில் அது அப்படியே தலைகீழ்: பாடங்கள் தமிழில், ஆங்கிலம் ஒரு மொழிப்பாடம். சிறிய பள்ளிகள் பலவற்றில் இரண்டு பிரிவும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம்தான் உட்கார்ந்திருக்கின்றன. கையில் உள்ள புத்தகம்தான் வேறு.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் ஆங்கிலம் காதிலேயே விழாத பிள்ளைக்குக் கழித்தலையும் நிழல் எப்படி விழுகிறது என்பதையும் ஆங்கிலத்தில் சொன்னால் மொழியும் ஏறாது, பாடமும் ஏறாது. 2009ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், 29ஆம் பிரிவில், இயன்றவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆங்கிலத்தை மொழியாக நன்றாகக் கற்பது ஒன்று, ஆங்கிலத்தில் எல்லாப் பாடமும் படிப்பது வேறொன்று. முதலாவதற்காக இரண்டாவதற்குள் குதிக்க வேண்டியதில்லை.

இதில் வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2010இல் வந்த சட்டம் அது. 2020இல் அதைத் திருத்தினார்கள். இப்போது கடைசிப் படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது. முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கான கல்வித்தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும், அதற்குப் படித்த பள்ளிகளில் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். ஆக, ஒன்றாம் வகுப்பில் நீங்கள் போடுகிற கையெழுத்து பிள்ளையின் 21 வயதில் வந்து நிற்கும். ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலவழியில் போட்டுவிட்டு ஆறில் தமிழுக்கு மாற்றினாலும் அந்த ஒதுக்கீட்டுக்கு வழி இல்லை. அரசு வேலைக்குப் படிப்பவர்கள் நிறைந்த நம் பக்கத்தில் இதைச் சேர்க்கையின்போதே சொல்லியாக வேண்டும் என்பது என் ஆசை.

அதே சமயம் வேறு சில சலுகைகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மருத்துவம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண்ணும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வனும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த வழியில் படித்தாலும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி என்றால் மட்டும் தமிழ்வழியா என்று பார்ப்பார்கள்.

சட்டம் தருகிற பாதுகாப்பு

ஆங்கிலம் வரவில்லை என்பதற்காகத் தொடக்க வகுப்பில் பிள்ளையை ஃபெயில் ஆக்கி அதே வகுப்பில் உட்கார வைக்க முடியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுத் தேர்வு வைப்பதும் கூடாது. அடிப்பதை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. உச்சரிப்பு தவறு என்று வகுப்பு முன்னால் நிற்கவைத்துக் கேலி செய்வது எனக்குத் தெரிந்து அதில்தான் வரும். "ஆங்கிலத்துக்குத் தனியா எங்கிட்ட டியூஷன் வா" என்று ஆசிரியர் கூப்பிடவும் 28ஆம் பிரிவு இடம் தரவில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரித்தது 2023 ஆகஸ்ட் 25இல், நம் திருக்குவளையில்தான். பிள்ளையைக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்புங்கள்.

மழையும் அறுவடையும்

டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பாடம் மூன்று பருவம். இரண்டாம் பருவம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையும் சரியாக அதே மாதங்கள்தான். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் என்று விடுமுறை அறிவிப்பு வரும்போது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் வீட்டில் காதில் விழாத மொழி இரண்டு வாரம் விட்டால் பின்னுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை. சில வீடுகளில் பிள்ளைகள் களத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இதற்குத் தனித் திட்டம் தேவையில்லை. மழை ஓய்ந்ததும் பயிற்சி நூலைத் திறந்து பாருங்கள். நடுவில் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தால் அந்தப் பாடம் நடக்கவில்லை. "இந்தப் பக்கங்களை எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்பது சண்டை ஆகாது. பாதி இடங்களில் டீச்சரே அதை எண்ணித்தான் தவித்துக்கொண்டிருப்பார். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் நிலைமை உங்களுக்கே புரியும். இரண்டில் ஒன்று காலியாகக் கிடந்தால் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

பேச வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். ஆங்கிலத்தில் எத்தனை பிள்ளைகள் அரும்பு, போன பருவத்தைவிட எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தீராத விஷயத்தை கிராம சபையில் வைக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எழுத்தே நிற்காத பிள்ளை என்றால், அதட்டாமல், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணோ காதோ காரணமாக இருக்கலாம்.

வேலைக்காகத் திருப்பூர் பக்கம் போய்விட்டு நடு வருடத்தில் ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம், சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அப்படி வந்த பிள்ளைக்கும் முதல் வேலை, ஆங்கிலத்தில் அரும்பா மொட்டா என்று பார்ப்பதுதான்.

வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இல்லையே என்று என்னிடம் வருத்தப்பட்ட அம்மாக்களிடம் திண்ணையைக் காட்டியிருக்கிறேன். உரச் சாக்கில் யூரியா, டி.ஏ.பி. என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விதைநெல் பையில் ஏ.டி.டி. 43, சி.ஆர். 1009 என்று அச்சடித்திருக்கிறது. 'இந்த எழுத்து எங்கே இருக்கு, காட்டு' என்று கேளுங்கள். 'இந்த எழுத்தில் தொடங்குற சொல் ஒண்ணு சொல்லு' என்று அடுத்து கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தரட்டும். என் வகுப்பில் ஒரு பையன் முதன்முதலில் தானாகப் படித்த ஆங்கிலச் சொல் யூரியா. மறுநாள் அந்தச் சாக்கின் ஒரு துண்டைக் கிழித்து மடித்து எனக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தான்.