சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா?

மறுபடியும் பழுதுக்கு ஒரு வால்வு ஹெட்போன் ஆம்ப், மறுபடியும் அதே கருகல் வாடை. மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. 6டிஜே8 என்கிற வால்வுக்கென்று (கண்ணாடிக் குழாய்) செய்த ஆம்ப்பில் 6என்1பி என்கிற வேறு வகை வால்வு இரண்டைச் செருகியிருந்தார்கள். ஆம்ப்பின் சொந்தக்காரரைக் கேட்டால், "சாக்கெட்ல சரியாத்தானே சார் உட்கார்ந்துச்சு, நாலு மாசம் நல்லாத்தானே பாடுச்சு" என்கிறார். இந்தப் பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

ஒன்பது பின் (சாக்கெட்டில் நுழையும் கம்பிக் கால்) என்பது வால்வின் அடிப்பாகத்து அளவு, அவ்வளவுதான். அதே அடிப்பாகத்தில் எத்தனையோ வகை வால்வுகள் வந்திருக்கின்றன, அவை எல்லாமே உங்கள் சாக்கெட்டில் உட்காரும். உட்காருவதால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. 6டிஜே8-இன் ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் உள்கம்பி, 6.3 வோல்ட்டில் 365 மில்லிஆம்பியர் இழுக்கும். 6என்1பி-க்கும் 6.3 வோல்ட்தான், ஆனால் 600 மில்லிஆம்பியர். இரண்டு வால்வு என்றால் 730 இழுக்க வேண்டிய இடத்தில் 1200. ஆம்ப்பைச் செய்தவர் அதற்கு இடம் விட்டிருந்தால் சரி, இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துகொண்டிருக்கும். முதல் நாளே எரிந்து தொலைத்தால்கூடப் பரவாயில்லை, தப்பு உடனே தெரிந்துவிடும். நாலு மாசம் நன்றாகப் பாடுவதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

12ஏயு7 என்கிற வால்வு விஷயம் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் இரண்டு ட்ரையோடுகளின் (சிக்னலைப் பெருக்கும் பகுதிகள்) பின் வரிசை 6டிஜே8-ஐப் போலவே இருப்பதால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று நினைத்துவிடுகிறார்கள். ஹீட்டரைப் பாருங்கள் அய்யா! 12ஏயு7-இல் ஹீட்டர் இரண்டு பாதி, நடு இணைப்பு 9-ஆம் பின்னில். 4, 5 பின்களுக்கு நடுவே 12.6 வோல்ட் வரும் ஆம்ப்பில் 6டிஜே8-ஐச் செருகினால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இரு மடங்கு போகிறது, வால்வு அதோடு சரி. தலைகீழாக, 6டிஜே8 சாக்கெட்டில் 12ஏயு7-ஐப் போட்டால் பாதி வோல்ட்தான் கிடைக்கும், ஹீட்டர் சரியாகச் சூடேறாது, சத்தம் சோர்ந்து வரும். நல்ல வால்வைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

12ஏஎக்ஸ்7 என்று இன்னொரு வால்வு, அதற்கு ஹீட்டரும் பின்னும் 12ஏயு7 மாதிரியேதான். ஆனால் சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கம் சுமார் 100, 12ஏயு7-க்கு 20-க்குள். 12ஏயு7 இடத்தில் இதைப் போட்டால் இரைச்சல் ஏறும், வால்யூமைத் தொட்டாலே கத்தும்.

6922 வால்வு என்ன என்று கேட்பீர்கள். அது 6டிஜே8-இன் உறுதியான சகோதரன், 300 மில்லிஆம்பியர்தான், 6டிஜே8 இருந்த இடத்தில் தாராளமாகப் போடலாம். ஆனால் 6922-க்கென்றே செய்த ஆம்ப்பில் 6டிஜே8-ஐப் போடும்முன் பிளேட் (வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு) வோல்ட்டேஜைப் பாருங்கள்: 6டிஜே8-க்கு உச்சம் 130 வோல்ட், 6922-க்கு 220.

பழைய வால்வு வாங்கும்போது கண்ணாடியில் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள், பெயரை யாரும் மறுபடி அச்சடித்துவிடலாம். நான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைத்தான் பார்ப்பேன். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வாங்கவே வாங்காதீர்கள்.

மாற்றும்போது ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறும்வரை காத்திருங்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு வோல்ட் நிற்கும், மூடி திறந்திருந்தால் உள்ளே கை விடவே கூடாது. வால்வை ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள், பின்கள் இருக்கும் அடிப்பக்கத்தில் கண்ணாடி விரிசல் விடும், நேராகத் தூக்குங்கள். புது வால்வு போட்டதும் உடனே ஹெட்போனை மாட்டாமல் சில நிமிடம் சூடாக விட்டு, ஹெட்போன் ஜாக்கில் மீட்டர் வைத்து டிசி வோல்ட் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மாட்டவே வேண்டாம். சரியாக இருந்தாலும் முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு பழைய ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள்.

வாங்கும்முன் ஆம்ப்பின் மாடலையும் அதில் இப்போது இருக்கும் வால்வின் எண்ணையும் எழுதி, அதைச் செய்தவரிடமோ உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமோ தயவுசெய்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்னிடம் கேட்டாலும் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.