கோலிக்கு ஜன்னல் இருக்கா?

மும்பை தாராவியில் நாள்பட்ட இருமலோடு வருகிறவரிடம் நான் வழக்கமாகக் கேட்பது இதுதான். கோலி என்றால் பத்துக்குப் பத்து ஒற்றை அறை வீடு. அதற்குள் ஏணி வைத்து ஏறுகிற பரண், மாளா. கீழே அப்பா அம்மா. மேலே பிள்ளைகளும், வேலைக்கென்று ஊரிலிருந்து வந்த மச்சானும். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். காற்று வர வாசல் ஒன்றுதான், ராத்திரி அதையும் சாத்திவிடுவார்கள். காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

மாடி வீடு கிடைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். மும்பையிலேயே கோவண்டி, மான்கூர்ட் பக்கம் குடிசைவாசிகளுக்கென்று நெருக்கி நெருக்கிக் கட்டிய மறுவாழ்வுக் கட்டிடங்களைப் போய்ப் பாருங்கள். கீழ்த்தளங்களில் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது.

அரசு மையத்தில் மருந்து இலவசம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதமே இருமல் நின்று உடம்பு தேறிவிடும். பலர் மாத்திரையை விடுவது அப்போதுதான். கேஸ் பேப்பரில் 'அலட்சியம்' என்று எழுதுவது சுலபம். இட்லி வேலைக்கு விடியுமுன்பே எழுந்து போகிறவர், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று தள்ளிப்போடுகிறார். மையம் திறந்திருக்கும் நேரத்தில் சைக்கிளில் இட்லி விற்றுக்கொண்டிருப்பார். வரிசையில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. சத்துணவுக்காக 2018 முதல் அரசு தந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் 1000 ஆனது. நல்லதுதான். ஆனால் மும்பை விலைவாசியில் அது முட்டைக்கும் பாலுக்கும் எத்தனை நாள் வரும்?

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். மகனுக்கு நோய் வந்தால் ஆட்டுக்கால் சூப். மருமகளுக்கு வந்தால், "அம்மா வீட்ல போய் ரெஸ்ட் எடும்மா" என்று திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றிவிடுகிறார்கள். சில பெண்களுக்குத் திரும்பி வர டிக்கெட் போடுவதே இல்லை. சரியான மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதில் பிரயோசனமில்லை. கூடத் தூங்குகிற எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிவருவதுதான் முக்கியம்.

ஊருக்குப் போயே ஆக வேண்டுமென்றால் மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். அரசின் காசநோய்ப் பதிவில் உங்களுக்குத் தந்த நிக்ஷய் எண்ணை வைத்து சிகிச்சையை ஊர்ப்பக்கத்து அரசு மையத்துக்கு மாற்றித் தருவார்கள். அங்கே பதிவாகும்வரை தேவைப்படும் மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.