விரையா, விதையா, விந்தகமா?

ஆணுடலில் உள்ள ஓர் உறுப்புக்குத் தமிழில் நான்கைந்து பெயர்கள் உண்டு. பாடநூலில் விந்தகம், பேச்சில் விரை, இலங்கைத் தமிழில் விதை, பழைய வைத்திய நூல்களில் அண்டம். ஆங்கில வழி மருத்துவத்தில் டெஸ்டிஸ். எது பொருத்தம் என்று பார்ப்பதற்கு முன், உறுப்பு என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

வளர்ந்த ஆணிடம் இது 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ள, முட்டை வடிவ இணை உறுப்பு. வயிற்றுக்கு வெளியே ஒரு தோல்பையில் தொங்குவதற்குக் காரணம் வெப்பம். விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும். குளிரில் பை சுருங்கி உறுப்பை உடலோடு ஒட்டவைக்கும். சூட்டில் தளர்ந்து தள்ளிவைக்கும். உள்ளே நுண்ணிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். அங்கே ஒரு விந்தணு உருவாகச் சுமார் 70 நாள் ஆகிறது. பிறகு அது எபிடிடைமிஸ் என்னும், ஏறத்தாழ 6 மீட்டர் நீளச் சுருள் குழலைக் கடக்கும்போதுதான் நீந்தக் கற்றுக்கொள்கிறது. குழல்களுக்கு இடையிலுள்ள லெய்டிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. 1935இல் காளையின் இதே உறுப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த ஹார்மோன், டெஸ்டிஸ் என்ற பெயரையே தன் முன்பாதியாக வைத்திருக்கிறது.

லத்தீனில் டெஸ்டிஸ் என்றால் சாட்சி என்றும் பொருள். ஆண்மைக்குச் சாட்சி என்பதால் அந்தப் பெயர் என்பது பரவலான விளக்கம். ரோமானியர்கள் இந்த உறுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள் என்ற கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. சுவையான கதைகளுக்கு ஆயுள் கெட்டி. கிரேக்கர்கள் இதை ஆர்கிஸ் என்றார்கள். இரட்டைக் கிழங்கு கொண்ட ஒரு செடிக்கும் அதே பெயரைச் சூட்ட, அது ஆர்க்கிட் ஆயிற்று. பூங்கொத்தில் ஆர்க்கிட் வைத்துக் கொடுப்பவர்களுக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

தமிழின் உருவகம் வேளாண்மையில் பிறந்தது. விரை என்பது விதையின் மறுவடிவம். கோட்டை என்னும் பழைய தானிய அளவில் ஒரு கோட்டை விதை பிடிக்கும் நிலத்துக்கு விரைக்கோட்டை என்று பெயர். விலங்குகளின் ஆண்மையை நீக்குவதற்கு விரையடித்தல் என்ற சொல்லும் காயடித்தல் என்ற சொல்லும் உண்டு. விதையும் காயும் என்று இரண்டும் செடியிலிருந்தே வந்தவை. கொச்சைப் பேச்சில் வழங்கும் கொட்டையும் அப்படித்தான்.

வித்துக்கும் விந்துக்கும் ஓசை ஒத்துப்போவதால் இரண்டும் ஒரே வேர் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. வித்து தமிழ்ச் சொல். விந்து, துளி என்று பொருள்படும் வடமொழி பிந்துவிலிருந்து வந்தது. ஒன்று முளைப்பதைச் சொல்கிறது, மற்றொன்று சொட்டுவதை.

விந்தகம் என்ற பாடநூல் சொல்லோடு எனக்குள்ள தகராறு இங்கேதான். சூலகம் என்ற சொல்லுக்கு இணையாக அழகாக ஆக்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விந்து என்னும் திரவத்தில் பெரும்பங்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உடலுக்குள் இருக்கும் விந்துப் பைகள் என்னும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியினுடையது. விந்தகத்திலிருந்து வருவது சில விழுக்காடுதான். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட ஆணுக்கும் விந்து ஏறத்தாழ அதே அளவில் வெளிப்படுகிறது. அதில் விந்தணு மட்டும் இருப்பதில்லை. விந்தகம் என்ற பெயரை நம்பிப் படித்த மாணவருக்கு இது புரியாத புதிராகிவிடும். விந்தணுவகம் என்றிருந்தால் சரியாக இருந்திருக்கும், வாயில்தான் நுழையாது. அதிலும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் வேலை விடுபட்டுப்போகும்.

அண்டம் இன்னும் குழப்பம். வடமொழியில் முட்டை என்று பொருள்படும் இச்சொல், வடிவம் பற்றி விரைக்கு வந்தது. விரைவீக்கத்தை அண்டவாதம் என்றார்கள். இன்றைய உயிரியலிலோ அண்டம் பெண்ணின் சினைமுட்டை, அண்டகம் அதை உருவாக்கும் உறுப்பு. பழைய ஏட்டையும் புதிய பாடநூலையும் அருகருகே வைத்துப் படித்தால் ஆண் பெண் மாறிவிடும்.

ஆகவே என் வாக்கு விரைக்கு. விதை தவறில்லை, பயிர் விதையோடு மயங்காத இடத்தில் தாராளமாக எழுதலாம். விரையோ இன்று வேறு பொருளில் அருகிப்போய், விரைப்பை, விரைவீக்கம் என்று உடலோடு ஒட்டி நிற்கிறது. உறுப்பு இன்ன வேலைதான் செய்கிறது என்று அரைகுறையாகச் சொல்வதும் இல்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்குறி நிமிர்வதைக் குறிப்பது விறைப்பு. அதற்கு வல்லின றகரம். குளிரில் கை விறைத்தது என்கிறோமே, அதே வினை. விரையோடு அதற்கு உறவில்லை. மருத்துவக் கட்டுரைகளிலேயே ‘விரைப்புக் குறைபாடு’ என்று அச்சாகிவருவதைக் காணலாம். அந்த எழுத்துப்பிழையைப் பார்க்கும் நோயாளி, தன் சிக்கல் குறியில் இருக்கிறதா விரையில் இருக்கிறதா என்று மருத்துவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.