ஆவணி பிறந்தும் நிற்காத இருமல்

ஆடி பாதி போனதும் பனங்காட்டு ஆட்கள் எங்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்குவார்கள். தையிலும் மாசியிலும் பாளை இடுக்க, அதாவது பதநீர் சுரக்கும்படி பனம்பூக் குலையை நசுக்கிவிட, போனவர்கள் ஆறு மாதமாக, பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையான விடிலியே வீடு என்று இருந்திருப்பார்கள். பதநீர் குறைந்து, ஒவ்வொரு மரமாகக் கலயத்தை இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போதுதான் உடம்பைப் பற்றிய நினைப்பு வரும். தோள் வலி, முழங்கால் வலி, கண் எரிச்சல், பசியின்மை என்று அதுவரை சேர்த்து வைத்த எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டு வருவார்கள்.

உடன்குடி, சாத்தான்குளம் செம்மணல் தேரிப் பக்கமும் சாயல்குடி, வேம்பார் பக்கமும் இருந்து வரும் இந்தக் குடும்பங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அவர்களுக்காகவும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் கைபேசியில் படிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வலது தோளைத் தூக்க முடியவில்லை. நாளொன்றுக்கு 35 மரம், காலையும் மாலையும் ஏறி இறங்கியிருக்கிறார். நான் அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற அவர் மனைவி நாலைந்து தடவை இருமிவிட்டார். ஒவ்வொரு தடவையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா இருமல்க்கா?"

"அது காய்ச்சுற நாள்ல வாரதுதான் டாக்டரம்மா. ஆவணி பொறந்தா போயிரும்."

"போன ஆவணியில போச்சா?"

அவர் பதில் சொல்லவில்லை. கணவர்தான் சொன்னார். "போன தடவ கார்த்திக வரைக்கும் கெடந்துச்சு. அதுக்கு முந்துன வருசம் இவ்வளவு இல்ல."

இந்தப் பதிலுக்காகத்தான் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்கிறேன். பதநீர் காய்ச்சும் நாளில் வந்த இருமல், பருவம் முடிந்து ஒரு மாதத்தில் நிற்கிறதா? போன வருடத்தைவிட இந்த வருடம் நீள்கிறதா? முன்பு நிற்காமல் தூக்கி வந்த தண்ணீர்க் குடத்தை இப்போது பாதி வழியில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நுரையீரலைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பனைத் தொழில் என்றதும் மரத்தில் நிற்கிற மனிதர்தான் எல்லோர் கண்ணிலும் தெரிகிறார். கீழே நடக்கிற வேலையைப் பாருங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வற்ற வேண்டும். அத்தனை தண்ணீரையும் ஆவியாக்குவது அந்தப் பெண்ணின் அடுப்பு. காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை, உடைமரத்து விறகு என்று மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை பொங்கினால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போட வேண்டும். பாகு கூடி வரும் கடைசி நேரத்தில் முகத்தைத் திருப்பக்கூட முடியாது. பதம் தப்பினால் அன்றைய உழைப்பே போய்விடும். தாழ்ந்த ஓலைக் கூரைக்குள் இப்படி மூன்று நான்கு மணி நேரம், பதநீர் அதிகம் வரும் நாட்களில் அதற்கு மேலும். இதே வேலையை ஆறு மாதம், அப்படி இருபது முப்பது வருடம் செய்கிறார்கள்.

விறகுப் புகையில் இருக்கிற நுண்துகள் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை போய்ப் படியும். குழாயின் உட்சுவர் வீங்கும், சளி சுரந்துகொண்டே இருக்கும், காற்றுப்பைகள் தளர்ந்து போகும். இதைச் சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், என்கிறோம். பீடி குடிப்பவர்களுக்கு வருகிற அதே நோய். ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்ணுக்கும் அடுப்புப் புகையால் இது வரும். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சமையல் அடுப்பே இவ்வளவு செய்கிறது என்றால், காய்ச்சும் அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

அந்த அக்காவை ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னோம். ஒரு குழாயில் மூச்சை முழுவதும் வேகமாக வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். ஊசி கிடையாது, வலியும் இல்லை. மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதால் சளியையும் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பினோம், அரசு மருத்துவமனையில் அது இலவசம். காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. அப்புறம் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன். "அத ஒருக்கா தொட்டா விடவே முடியாதாமே" என்றார். நிறையப் பேர் இப்படி நினைத்துத்தான் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு காலத்தைப் போக்குகிறார்கள். இன்ஹேலர் பழக்கமாகி அடிமைப்படுத்தும் பொருள் இல்லை. மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். சேதமான பகுதியை இது பழையபடி ஆக்காது. மூச்சுத்திணறலைக் குறைக்கும், திடீரென்று முற்றி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நாட்களைக் குறைக்கும்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை தந்த விஷயத்தைக் கேட்டேன். பருவம் முடிந்ததும் என்ன வேலை? "கரிமூட்டத்துக்குப் போவோம்." வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகைய விடுகிற வேலை. அதாவது நுரையீரல் ஆறுவதற்குக் கிடைத்த ஐந்தாறு மாதமும் புகையிலேயே போகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓலைப்பெட்டி முடையவும், ஆவணி புரட்டாசியில் கிழங்குக்குப் பனங்கொட்டை புதைக்கவும் போகிறார்கள். இந்த வருடம் நீங்களும் அந்தப் பக்கம் போங்கள் என்றேன். கூலி குறைவு என்றார். உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூட்டம் பிரிக்கும் அன்று கிட்டே போகாதீர்கள், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் ஆடி மாதத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாசியில் வாங்கிய முன்பணத்துக்கு எத்தனை கிலோ கருப்பட்டி போட்டோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று வியாபாரியிடம் கணக்குப் பார்ப்பது இப்போதுதான். கையில் பணம் உள்ளவர்கள் சரக்கைப் பரணில் வைத்து ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறும்போது விற்கிறார்கள். முன்பணம் வாங்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் பாக்கியை அடைக்க இன்னும் பத்து நாள் ஏறுவோம் என்று ஆடிக்காற்றில் மரம் ஏறுகிறவருக்கு அதனால் இதுவரை என்ன மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மணலை வாரி அடிக்கிற மேல்காற்று, ஆறு மாதம் ஓய்வில்லாத உடம்பு, மரம் ஏறக் காலில் மாட்டுகிற தேய்ந்த தளைநார். மூன்றும் சேர்கிற நாட்கள் இவை.

ஒரு விபத்தைச் சொல்கிறேன். மரத்திலிருந்து விழுந்த ஒருவரை இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டு வந்தார்கள். பாசத்தோடும் பதற்றத்தோடும் செய்த காரியம். "விழுந்ததும் கால மடக்குனாருமா, நான் பாத்தேன்" என்று அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடம் வந்தபோது கால் விரல்கூட அசையவில்லை. உடைந்த முதுகெலும்பு, வளைந்து உட்கார்ந்த பயணத்தில் தண்டுவடத்தை இன்னும் நசுக்கியிருக்கலாம்.

அதனால் இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்கக் கூடாது. கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, அவர் கிடக்கிறபடியே தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரு கைகளாலும் பிடித்திருங்கள். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லாத காட்டுக்குள் என்றால், நான்கைந்து பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாக உருளும்படி ஒருச்சாய்த்து, கதவுப் பலகையை அடியில் செருகி, அதன் மேல் மல்லாக்கப் படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள். கயிற்றுக் கட்டில் தொய்யும், அது வேண்டாம். இன்னொன்று: நின்றவாக்கில் விழுந்து குதிகால் மட்டும் வீங்கியிருக்கிறது, நடக்கிறார் என்றாலும் முதுகையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் உடைகிற வேகத்தில் இடுப்புக்கு மேல் உள்ள எலும்பும் நொறுங்கியிருப்பதுண்டு.

விடிலியைப் பிரிக்கும்போது மிச்சச் சுண்ணாம்பைக் குழந்தை எட்டும் இடத்தில் கொட்டாதீர்கள். கலயத்துக்குத் தடவுகிற அந்தச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியைத் தாண்டி உள்ளே அரித்துக்கொண்டே போகும். அந்த நிமிடமே இமையை விரித்துப் பிடித்து, நல்ல தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். பாகு பட்ட புண்ணுக்கும் தண்ணீர்தான், இருபது நிமிடம். பற்பசை, இங்க் தடவிக்கொண்டு வராதீர்கள்.

பனைமரத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான் பார்க்கிறேன். காய்ச்சுகிறவரும் தொழிலாளிதான். மனைவி பெயரையும் பதிய முடியுமா என்று தொழிலாளர் நல அலுவலகத்தில் கேளுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள்.

அந்தத் தம்பதி புரட்டாசியில் மறுபடி வந்தார்கள். இருமல் பாதி குறைந்திருந்தது, இரவில் எழுந்து உட்காரவில்லை என்றார். அடுத்த மாசியில் போடும் விடிலியைப் பற்றிப் பேசினோம். கூரையை ஒரு முழம் உயர்த்தி, உச்சியில் இடைவெளி விட்டு, காற்று வருகிற பக்கமும் போகிற பக்கமும் ஓலைத் தட்டியைத் தூக்கிவிடும்படி கட்டுவது, ஈர விறகை ஒதுக்கி நன்றாகக் காய்ந்ததை மட்டும் எரிப்பது, பேரப்பிள்ளையை மரத்தடியில் படுக்க வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். கணவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டி, "அடுப்ப இந்த ஓரத்துக்குத் தள்ளிட்டா இவ எதுத்தாப்புல உக்கார வேண்டாம்ல?" என்று கேட்டார். அந்த அக்கா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாகு கிண்ட கை எட்டாது. இன்னும் ஒரு சாண் இங்கிட்டு" என்று விரலால் வேறொரு கோடு போட்டார்.